நீர் போன வழி: பால்ட்வின் ஹில்ஸ் ஆய்வுகள் பற்றி ஒரு திறனாய்வு

நீர்த்தேக்கம் ஒன்றில் நீர் குறைந்தால் அது மூன்று வழிகளில்தான் போயிருக்க முடியும். மதகைத் திறந்து நாமே விட்டிருக்க வேண்டும். வெயிலில் ஆவியாகியிருக்க வேண்டும். அல்லது நிலத்துக்குள் புகுந்திருக்க வேண்டும். முதலாவதை அளந்துவிடலாம். இரண்டாவதைக் கணக்கிட்டுவிடலாம். மூன்றாவதுதான் வில்லங்கமானது. நிலத்துக்குள் போன நீர் எந்த வழியே போயிற்று, அந்த வழி எப்போது திறந்தது, திறந்தது யார் என்ற கேள்விகள் எழும்போது பொறியியலும் நிலவியலும் பௌதிகமும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. சில சமயம் வழக்கறிஞர்களும் வந்து சேர்ந்துகொள்கிறார்கள்.

இப்படி மோதிக்கொண்ட ஒரு நிகழ்ச்சி அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தின் பால்ட்வின் ஹில்ஸ் நீர்த்தேக்கம். இந்த நீர்த்தேக்கம் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் உடைந்தது. ஐந்து பேர் இறந்தனர். இருநூற்றெழுபத்தைந்துக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தோ சேதமுற்றோ போயின. அணை உடைப்புகள் பற்றி எழுதும் பொதுநூல்களில் இதற்கு ஒரே வரிதான் கிடைக்கிறது: ‘நில அசைவினால் உடைந்தது.’ இந்த ஒரு வரிக்குப் பின்னால் குறைந்தது மூன்று வெவ்வேறு விளக்கங்கள் இருக்கின்றன. மூன்றையும் எழுதியவர்கள் தத்தம் துறையில் வல்லவர்கள். அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மூன்றும் சரி என்று கைகழுவிவிடப் போவதில்லை. எது எந்த இடம்வரை செல்லுபடியாகும், எங்கே தடுக்கி விழுகிறது என்று சொல்லியாக வேண்டும்.

முதலில் தேக்கத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். இது ஆற்றை மறித்துக் கட்டியது அன்று. நகரத்துக் குழாய்களுக்கு நீர் வழங்குவதற்காகக் குன்றின் மேல் ஒரு பள்ளத்தைச் சீராக்கி, ஒரு பக்கம் மண் அணை எழுப்பிக் கட்டிய தொட்டி. பரப்பு ஏறத்தாழ 19 ஏக்கர். நம் கிராமத்து ஏரிகள் பல இதைவிடப் பெரியவை. அணையின் உயரம் மட்டும் 232 அடி, அதாவது 71 மீட்டர். உடைந்த அன்று அதில் இருந்த நீர் ஏறத்தாழ 95 கோடி லிட்டர். கட்டுமானம் 1947-இல் தொடங்கி 1951-இல் முடிந்தது. வடிவமைத்தவர் ரால்ஃப் ப்ராக்டர். மண்ணை எந்த ஈரப்பதத்தில் இடித்தால் மிக நெருக்கமாக இறுகும் என்று கண்டறியும் ‘ப்ராக்டர் சோதனை’யைக் கட்டடப் பொறியியல் மாணவர்கள் அறிவார்கள், அதே ப்ராக்டர்தான். மண்ணைப் பற்றி அன்றைக்கு உலகில் அவரைவிட அதிகம் அறிந்தவர்கள் சிலரே இருந்திருப்பார்கள்.

தேக்கத்தின் தரைக்கு அடியில் பெயர்ச்சிப் பிளவுகள் இருந்தன. பாறைப் படிவத்தின் இரு பக்கங்களும் ஒன்றின்மேல் ஒன்று நழுவிய பழைய முறிவுகளையே பெயர்ச்சிப் பிளவு என்கிறோம். இவை கட்டும்போதே தெரிந்தவை, யாரும் மறைக்கவில்லை. குன்றுகளே நியூபோர்ட்–இங்கிள்வுட் பிளவு மண்டலத்தின் மேல் அமைந்தவை. 1933-இல் லாங் பீச் நகரை உலுக்கி நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்ற நிலநடுக்கம் இதே மண்டலத்தில் பிறந்தது. போதாக்குறைக்குத் தேக்கத்தை ஒட்டியே இங்கிள்வுட் எண்ணெய்க் களம். 1924 முதல் அங்கே எண்ணெய் எடுத்து வந்தார்கள். எடுக்க எடுக்க மேலுள்ள நிலம் ஒரு கிண்ணம்போல் தாழ்ந்து வந்தது. அந்தக் கிண்ணத்தின் விளிம்பில்தான் தேக்கம் அமைந்தது.

இவையெல்லாம் தெரிந்திருந்தும் ஏன் கட்டினார்கள்? பிளவு மண்டலத்தில் குடியேறிவிட்ட ஒரு பெருநகரத்துக்குக் குடிநீர்த் தொட்டியை வேறெங்கே கட்டுவது என்ற கேள்விக்கும் எளிய விடை கிடையாது. ஆகவே இடத்தின் குறையைக் கட்டுமானத்தால் ஈடுசெய்ய முனைந்தார்கள். தரையில் முதலில் மெல்லிய தார்ப் படலம். அதன்மேல் சிமெண்டால் பிணைத்த பொடிச் சரளையாலான வடிகால் அடுக்கு, ஏறத்தாழ நான்கு அங்குலக் கனம். அதன்மேல் அடர்த்தியாக இடித்த மண், தரைப்பகுதியில் பத்து அடிவரை. எல்லாவற்றுக்கும் மேல் தார்த் தளம். மண் அடுக்கின் வழியே கொஞ்சம் நீர் கசியத்தான் செய்யும். அது சரளையில் சேர்ந்து, குழாய்கள் வழியே ஆய்வறைக்கு வந்து, அங்கே அளக்கப்படும். கீழுள்ள தார்ப் படலம் அந்நீர் அடிநிலத்தைத் தொடாமல் காக்கும். கசிவை ஒழிக்க முடியாது, ஆனால் அதைக் கையில் பிடித்து எண்ண முடியும் என்பதே ப்ராக்டரின் எண்ணம். நல்ல எண்ணம்தான். அதில் ஒளிந்திருந்த அபாயத்துக்குப் பிறகு வருவோம்.

உடைந்த நாளின் நிகழ்ச்சிகள் நேரம் குறித்துப் பதிவாகியுள்ளன. காலை 11.15 மணியளவில், வழக்கமான சுற்றில் இருந்த காவலர் குழாய் ஒன்றில் நீர் பாயும் ஓசையைக் கேட்டார். வடிகால்களில் அளவுக்கு மீறி நீர் வந்துகொண்டிருந்தது, கலங்கலாகவும் வந்தது. 12.20-க்குத் தேக்கத்தைக் காலி செய்யத் தொடங்கினார்கள். ஒரு மணியளவில் அணையின் வெளிச் சரிவில், கிழக்குப் பக்கத்தில், கசிவு வெளிப்பட்டது. காவல் துறையினர் கீழே குடியிருந்தவர்களை வெளியேற்றினர். நீர் மட்டம் இறங்கியபோது உட்சரிவில் வாய்பிளந்த விரிசல் தெரிந்தது. மணல் மூட்டைகளைப் போட்டுப் பார்த்தார்கள். பிற்பகல் 3.38-க்கு அணை பிளந்தது. மீதமிருந்த நீர் 77 நிமிடங்களில் வெளியேறிவிட்டது. ஹெலிகாப்டரில் இருந்து ஒரு தொலைக்காட்சி நிலையம் இக்காட்சியை அப்படியே ஒளிபரப்பியது.

ஓசை கேட்டதிலிருந்து உடைப்புவரை நான்கு மணி 23 நிமிடம். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உயிர் பிழைத்தது இந்த இடைவெளியால்தான்.

இனி ஆய்வுகளுக்கு வருவோம். முதலாவது, கலிஃபோர்னியா மாநிலம் அமைத்த பொறியியல் விசாரணைக் குழு 1964 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை. இரண்டாவது, டக்ளஸ் ஹாமில்டன், ரிச்சர்ட் மீஹன் ஆகிய இருவர் 1971-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை. மூன்றாவது, மண் இயக்கவியலின் தந்தையரில் ஒருவரான ஹார்வர்டு பேராசிரியர் ஆர்தர் கஸக்ராண்டே, வில்சன், ஷ்வாண்டெஸ் ஆகியோருடன் 1972-இல் அளித்த மறுபார்வை. இவற்றைத் தவிர அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் காசில், யெர்க்ஸ் இருவரும் 1976-இல் பெரியதொரு அறிக்கை வெளியிட்டனர். நிலம் எங்கே எவ்வளவு தாழ்ந்தது, எவ்வளவு நகர்ந்தது என்பதற்கு அதுவே இன்றும் அடிப்படை. தாழ்வுக்கு முதன்மைக் காரணம் எண்ணெய்க் களத்தின் செயல்பாடுகளே என்று அவர்கள் கண்டனர்.

1964 அறிக்கையின் பெருமை அதன் கைவேலையில் இருக்கிறது. காலியான தேக்கத்தின் தரையில், ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஒரு விரிசல் ஓடியது தெரிந்தது. அது அடியிலிருந்த பிளவின் பாதையை அப்படியே பின்பற்றியது. அணை பிளந்த இடமும் அதே கோட்டில்தான் இருந்தது. விரிசலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடச் சில அங்குலம் தாழ்ந்திருந்தது. விரிசல் நெடுகத் தோண்டிப் பார்த்தபோது தார்ப் படலமும் சரளை அடுக்கும் வெட்டுண்டு கிடந்தன; அவற்றின் கீழே பிளவை ஒட்டி, மண் அரித்துப் போன பொந்துகள் இருந்தன. கண்டதைக் கண்டபடி வரைந்து, அளந்து, பதித்து வைத்த இப்பகுதிகள் பின்னால் வந்த எல்லா ஆய்வாளர்களுக்கும் சோறு போட்டன என்றால் மிகையில்லை.

ஆனால் அறிக்கை காரணத்தைப் பேசும் இடத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. குழுவின் அழுத்தமெல்லாம் ‘நிலம் நகர்ந்தது’ என்பதன் மேல் விழுகிறது. நம் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று ஒரு பாகுபாடு உண்டல்லவா? ‘நகர்ந்தது’ தன்வினை, ‘நகர்த்தினார்கள்’ பிறவினை. பக்கத்தில் நாற்பதாண்டுகளாகப் பூமிக்குள்ளிருந்து திரவத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த இடத்தில் தன்வினை போதுமா? நிலத் தாழ்வே முதன்மை என்று குழு கூறியது உண்மை. ஆனால் தாழ்வு என்பதும் ஒரு விளைவுதானே? விளைவைக் காரணம் என்று எழுதி நிறுத்திக்கொள்வது தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண் வினாவுக்குப் போதும். என் மாணவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள், நானும் மதிப்பெண் போடுகிறேன். ஐந்து உயிர் போன விஷயத்தில் அடுத்த கேள்வியையும் கேட்டிருக்க வேண்டும்.

அந்த அடுத்த கேள்வியைத்தான் ஹாமில்டனும் மீஹனும் எடுத்துக்கொண்டனர். அவர்கள் வாதத்தைப் புரிந்துகொள்ள இரண்டு பௌதிக உண்மைகள் வேண்டும்.

ஒன்று: மணற்பாறையின் துளைகளில் நிறைந்திருக்கும் திரவம் சும்மா இருப்பதில்லை, மேலுள்ள சுமையில் ஒரு பங்கை அது தாங்குகிறது. திரவத்தை எடுத்துவிட்டால் அந்தப் பங்கும் மணல் துகள்களின் தலையில் விழுகிறது. துகள்கள் நெருங்குகின்றன; படிவம் சுருங்குகிறது; மேல்நிலம் தாழ்கிறது. கயிற்றுக் கட்டிலின் நடுவே ஒருவர் உட்கார்ந்தால் நடுப்பகுதி தாழ்கிறது, ஓரத்துக் கயிறோ இழுபடுகிறது. அதுபோலக் கிண்ணத்தின் விளிம்பிலுள்ள நிலம் இழுவிசைக்கு ஆளாகிறது. மண்ணுக்கு இழுவிசையைத் தாங்கும் வலு கிடையாது. ஏற்கெனவே முறிந்த கோடு ஒன்று அங்கே இருந்தால் அதன் வழியே பிரியும்.

இரண்டு: எடுப்பதற்கு நேர் எதிரான செயல், அதாவது நீரை அழுத்தத்துடன் உட்செலுத்துவது. எண்ணெய் வற்றத் தொடங்கிய களத்தில் மீதியைத் தள்ளி எடுப்பதற்காக இப்படிச் செய்வார்கள். இங்கிள்வுட்டில் 1954-இல் சோதனையாகத் தொடங்கி, 1957 முதல் பெரிய அளவில் செய்தார்கள். பிளவின் இரு முகங்களும் உராய்வினால்தான் நழுவாமல் நிற்கின்றன. உராய்வு, இரு முகங்களையும் அழுத்திப் பிடிக்கும் நிகர விசையைப் பொறுத்தது. இடையில் உயர்ந்த அழுத்தத்தில் நீர் புகுந்தால் அந்த நிகர விசை குறையும், உராய்வும் குறையும். வெந்நீரில் அலம்பிய எவர்சில்வர் டம்ளரை ஈரமான வழவழப்பான மேடையில் கவிழ்த்து வையுங்கள். சில சமயம் அது யாரும் தொடாமலே நழுவிப் போகும். உள்ளே அகப்பட்ட காற்று சூடாகி விரிந்து டம்ளரின் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்வதே காரணம். ஹப்பர்ட், ரூபி என்ற இரு அறிஞர்கள் 1959-இல் பெரும் பாறைத் தகடுகள் நழுவுவதை விளக்கியபோது இதே போன்ற ஒரு சோதனையை, குளிரவைத்த காலி பீர் டப்பாவைக் கொண்டு, செய்து காட்டினார்கள்.

ஆக ஹாமில்டனும் மீஹனும் கூறியது இது: எண்ணெய் எடுத்ததால் விளிம்பு நிலம் திரிபுற்று நின்றது, நீரைச் செலுத்தியதால் பிளவின் பிடி தளர்ந்து, அந்தத் திரிபு நழுவலாக வெளிப்பட்டது. வில்லை வளைத்தது ஒரு செயல், நாணைப் பிடித்த விரலைத் தளர்த்தியது இன்னொரு செயல். இதற்கு அவர்கள் காட்டிய முக்கியச் சான்று காலப் பொருத்தம். தேக்கத்துக்குத் தென்கிழக்கே தெருக்களிலும் மனைகளிலும் நிலவிரிசல்கள் தோன்றத் தொடங்கிய ஆண்டு 1957. பெரிய அளவிலான செலுத்தல் தொடங்கியதும் அதே ஆண்டு.

காலப் பொருத்தம் மட்டும் காரணமாகிவிடாது என்று எவரும் சொல்லலாம். சேவல் கூவுவதற்கும் சூரியன் எழுவதற்கும்கூடப் பொருத்தம் உண்டு. இந்த இடத்தில் அவர்களுடைய கட்டுரையின் மேல் கை வைக்க வேண்டுமானால் வைக்கலாம்: அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்து, நிலம் அதற்கேற்ப நடக்கிறதா என்று காணும் சோதனை பால்ட்வின் ஹில்ஸில் நடக்கவில்லை. அச்சோதனை வேறிடத்தில் நடந்தது. டென்வர் நகருக்கு அருகே 1962-இல் ஆழ்கிணறு ஒன்றில் கழிவு நீரைச் செலுத்தத் தொடங்கிய பிறகு நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. பிறகு கொலராடோ மாநிலத்தின் ரேஞ்ச்லி எண்ணெய்க் களத்தில் 1969 முதல் 1973 வரை நிலவியல் அளவைத் துறையினர் வேண்டுமென்றே அழுத்தத்தை மாற்றிப் பார்த்தனர். ஏற்றியபோது சிறு நடுக்கங்கள் பெருகின, இறக்கியபோது அடங்கின. இதன் முடிவுகள் 1976-இல்தான் வெளியாயின. ஆகவே 1971-இல் துணிகரமாகத் தோன்றிய வாதம் ஐந்தாண்டில் சாதாரணமாகிவிட்டது. 1964 குழுவினர் நீர் செலுத்தலைப் பற்றி அதிகம் பேசாததற்காக அவர்களைக் குற்றம் சாட்டுவது நியாயமாகாது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது; அன்றைக்கு டென்வர் நடுக்கங்களுக்கே விளக்கம் கிடைத்திருக்கவில்லை.

மூன்றாவதான கஸக்ராண்டே குழுவினர் வேறு திசையில் நடந்தனர். எண்ணெய்க் களத்தை விட்டுவிட்டுத் தேக்கத்தின் அடித்தளத்தையே அவர்கள் உற்றுப் பார்த்தார்கள். சிமெண்டால் பிணைத்த சரளை அடுக்கும் மெல்லிய தார்ப் படலமும் விறைப்பானவை, உடையக்கூடியவை. அடிநிலமோ இளகிய மணலும் வண்டலும். நீர் பட்டால் அரித்துக்கொண்டு போகும். தேக்கத்தின் சுமையால் பிளவின் இரு பக்கங்களும் சமமற்றுத் தாழ்ந்தாலே அந்த அடுக்குகள் உடைந்துவிடும். உடைந்த இடத்தில் நீர் பிளவுக்குள் புகுந்து ஆண்டுக்கணக்கில் மண்ணை அரித்து வந்தது. 1963 டிசம்பர் 14 அந்த நீண்ட நோயின் கடைசி நாள் மட்டுமே. இது அவர்கள் பார்வை.

இந்த வாதத்தின் வலிமையை ஒரு சிறு கணக்கால் உணரலாம். மெல்லிய விரிசல் வழியே பாயும் நீரின் அளவு, விரிசலின் அகலத்துக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. அகலம் இரு மடங்கானால் நீர் எட்டு மடங்கு. ஒரு மீட்டர் நீளமுள்ள, பத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள விரிசலை எடுத்துக்கொள்வோம். நீரின் பாதையில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு மீட்டர் நீர்மட்டம் இழக்கப்படுவதாகக் கொண்டால், நாளொன்றுக்கு அதன் வழியே ஏறத்தாழ 70 லிட்டர் போகும். நான்கு குடம் நீர். அதே விரிசல் ஒரு மில்லிமீட்டர் அகலமானால் 70,000 லிட்டர். 19 ஏக்கர் நீர்ப்பரப்பிலிருந்து நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியானால் ஏறத்தாழ 3,85,000 லிட்டர் போகும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் விரிசல் ஆறு மீட்டர் நீளம் இருந்தால் அன்றாட வெயிலைவிட அதிகம் குடித்துவிடுகிறது. சில அங்குலப் பெயர்ச்சி ஒரு தேக்கத்துக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பது இப்போது விளங்கும். இதிலே அரிப்பு இன்னும் சேரவில்லை. வேகம் கூடினால் மண் போகும். மண் போனால் வழி அகலும். அகன்றால் வேகம் இருமடிக் கணக்கில் கூடும். கிட்டத்தட்ட நாலரை மணி நேரத்தில் ஓசை உடைப்பாக மாறியது இந்தச் சுழலால்தான்.

சரி, இவர்களில் யார் சொல்வதை ஏற்பது?

தென்கிழக்கே தெருக்களில் தோன்றிய அந்த நிலவிரிசல்களை மீண்டும் நினைவுக்குக் கொண்டு வாருங்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை செய்யும்போது, நாம் ஐயுறும் காரணத்தை மட்டும் நீக்கிவிட்டு மற்றதெல்லாம் மாறாமல் இன்னொரு சோதனையும் செய்து ஒப்பிடுவோம். இங்கே இயற்கையே அந்த ஒப்புச் சோதனையைச் செய்து வைத்திருக்கிறது. அதே குன்று, அதே கிண்ணத்தின் விளிம்பு, அதே ஆண்டுகள். ஆனால் மேலே தேக்கம் இல்லை. அங்கும் நிலம் பிளந்தது. தேக்கத்தின் சுமையும் அதிலிருந்து கசிந்த நீருமே பெயர்ச்சிக்குப் போதுமான காரணம் என்றால், தேக்கமே இல்லாத தெருவில் நிலம் ஏன் பிளக்க வேண்டும்? கஸக்ராண்டே குழுவின் விளக்கம் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறது. மண் இயக்கவியலில் அவர் பெயருக்குள்ள எடையை நான் அறிவேன். தராசில் பெயரை வைக்க முடியாது.

அதே விரிசல்கள் எதிர்த்திசையிலும் வெட்டுகின்றன. அங்கே நிலம் பிளந்தும் பேரழிவு எதுவும் நிகழவில்லை. நடைபாதை வெடித்தது, சுவர் கீறல் விட்டது, சரிசெய்தார்கள். அதே அளவு பெயர்ச்சி தேக்கத்தின் அடியில் நிகழ்ந்தபோது மட்டும் ஐந்து பேர் இறந்தார்கள். வேறுபாடு எதில் இருக்கிறது? மேலே சராசரி 12 மீட்டர் ஆழத்துக்கு நின்ற நீரிலும், சில அங்குல நழுவலைக்கூடத் தாங்க முடியாத விறைப்பான அடுக்குகளிலும் இருக்கிறது. எண்ணெய்க் கம்பெனிகள் மேல் முழுப் பழியையும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

ஆகவே என் முடிவு இது. நிலம் ஏன் நகர்ந்தது என்பதற்கு ஹாமில்டன்–மீஹன் விளக்கமும் காசில்–யெர்க்ஸ் அளவீடுகளும் மற்றவற்றைவிட வலுவானவை. நகர்ந்த சில அங்குலம் ஏன் அணையையே கொண்டுபோயிற்று என்பதற்குக் கஸக்ராண்டே குழுவை மிஞ்சியவர் இல்லை. இவை இரண்டு வேறு கேள்விகள். இவற்றை ஒரே கேள்வியாகக் கருதி எது ‘உண்மைக் காரணம்’ என்று சண்டையிட்டதற்கு நிலவியலைவிட நீதிமன்றமே பொறுப்பு என்று நினைக்கிறேன். நகராட்சியும் காப்பீட்டு நிறுவனங்களும் எண்ணெய்க் கம்பெனிகள் மீது வழக்குத் தொடுத்தன. அது சமரசத்தில் முடிந்தது. நீதிமன்றத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியவர் யார் என்று தெரிந்தால் போதும். காரணங்கள் கூட்டாகச் செயல்படும்போது பழியை மட்டும் ஒருவர் தலையில் இறக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு தரப்பின் நிபுணரும் ஒரு காரணத்தைப் பெரிதாக்குவார். பௌதிகம் படிக்கும் மாணவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். இரு எண்களின் பெருக்கற்பலனில் எந்த எண்ணுக்கு எத்தனை சதவீதப் பங்கு என்று யாரும் கேட்பதில்லை. ஒன்று சுழியானால் பலனும் சுழி.

ப்ராக்டரின் வடிவமைப்பைப் பற்றிப் பின்னர் வருவோம் என்றேன். அவருடைய வடிகால் அடுக்கைத் தேக்கத்தின் பலவீனம் என்று கஸக்ராண்டே குழு காட்டியது. ஆனால் அந்தக் காவலர் கேட்ட ஓசை அந்த வடிகாலின் ஓசைதான். வடிகாலும் ஆய்வறையும் இல்லாமல் வெறும் மண் தொட்டியாக இருந்திருந்தால், கசிவு முதன்முதலாக வெளிச் சரிவில்தான் தெரிந்திருக்கும். வெளியேற்றக் கிடைத்த நேரத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைந்திருக்கும். அணையைக் கெடுத்த அதே உறுப்புதான் மக்களைக் காப்பாற்றியது. இதை எந்த அறிக்கையும் போதிய அழுத்தத்துடன் சொல்லவில்லை என்பது என் மனக்குறை.

அதற்காக அந்த வடிவமைப்பில் குறையே இல்லை என்று ஆகாது. முழுப் பாதுகாப்பும் ஒரு தார்ப் படலத்தை நம்பி நின்றது. அது கிழிந்தால் அடுத்த காவல் என்ன என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. படலத்துக்குக் கீழே, நீரை விட்டு மண்ணை நிறுத்தும் தரவரிசை மணல் வடிகட்டி ஒன்று இருந்திருந்தால், பிளவுக்குள் நீர் போயிருக்குமே தவிர மண் அவ்வளவு எளிதில் போயிருக்காது. அரிப்பின் சுழல் தொடங்கத் தாமதமாகியிருக்கும். இத்தகைய வடிகட்டிகளின் விதிகளை டெர்ஸாகி இந்தத் தேக்கம் கட்டப்படுவதற்கு முன்பே வகுத்துவிட்டார். சரளையைச் சிமெண்டால் பிணைத்ததும் அப்படித்தான்: இடிக்கும்போது கலையாமல் இருக்க உதவும் பிணைப்பு, அடிநிலம் நழுவும்போது அதோடு சேர்ந்து நெளிய விடாது. ‘நிலம் அசையாது’ என்று எண்ணிக் கட்டியிருந்தால் இது சரி. ஆனால் அசையக்கூடும் என்று எண்ணியதால்தானே இத்தனை அடுக்குகளும் வந்தன?

இன்னொன்று, நீரை அளக்கும் முறை பற்றியது. வடிகாலில் வரும் நீரை லிட்டர் கணக்கில் குறிப்பது அவசியம். ஆனால் லிட்டர் மட்டும் போதாது. படலம் கிழிந்து நீர் நேரே அடிநிலத்துக்குள் போகத் தொடங்கினால் வடிகாலுக்கு அந்நீர் வராது. அளவுமானி குறைந்துகூடக் காட்டலாம். குறைந்த கசிவு என்பது நல்ல செய்தியாகவும் இருக்கலாம், நீர் வேறு வழி கண்டுபிடித்துவிட்டது என்ற செய்தியாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய, தேக்கத்துக்கு வந்த நீர், போன நீர், ஆவியான நீர் என்று முழு வரவுசெலவையும் போட்டு, வடிகாலின் கணக்கோடு ஒத்துப் பார்க்க வேண்டும். கூடவே நீர் தெளிவா கலங்கலா என்றும் பார்க்க வேண்டும். தெளிந்த நீர் போனால் இழப்பு நீர் மட்டுமே. கலங்கலாகப் போனால் அடிநிலமே கரைந்து போய்க்கொண்டிருக்கிறது.

உடைப்புக்குப் பிறகு கலிஃபோர்னியா சட்டமன்றம் 1965-இல் அணைப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியது. ஆற்றுக்கு வெளியே கட்டப்படும் இத்தகைய தொட்டிகளும் மாநிலக் கண்காணிப்பின் கீழ் வந்தன. பால்ட்வின் ஹில்ஸ் தேக்கம் திரும்பக் கட்டப்படவில்லை. 12 ஆண்டுகள் நீர் நின்ற அந்தப் பள்ளம் புல்வெளியாகி, இப்போது ஒரு பொதுப் பூங்காவின் பகுதியாக இருக்கிறது.